நடைப்பிழைகள்: நன்னூல் சொன்ன பத்தில் ஒன்பதை மறந்துவிட்டோமா?

மெய்ப்பு மேசை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். 22 ஆண்டாக அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சேறும் முன் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கவிதைத் தொகுப்பு, ஆய்வேடு எல்லாம் என் மேசைக்கு வரும். இங்கே பிழை என்று பேச்செடுத்தால் முதல் பத்துப் பதிலும் ஒற்று மிகுமா மிகாதா என்றே போகிறது. அதையும் பேசுவோம். அதற்கு முன் போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நெசவாளரின் மகன், தன் அப்பாவின் முதலாமாண்டு நினைவு மலருக்கு எழுதிக்கொண்டு வந்தார். அவர் அனுமதியோடு அதில் இரண்டு வரி:

"எனது தந்தையார் அவர்கள் ஒரு மிகச் சிறந்த நெசவாளராகத் திகழ்ந்தார். அவரால் எங்கள் குடும்பத்தின் முன்னேற்றத்திற்காகப் பல்வேறு தியாகங்கள் மேற்கொள்ளப்பட்டன என்பது இங்குக் குறிப்பிடத்தக்கதாகும்."

சிவப்பு மை வைக்க இடமே இல்லை. ஒருமை பன்மை சரி. ‘இங்கு’க்குப் பின்னால் ஒற்றுக்கூடப் போட்டிருக்கிறார். ஆனால் படித்து முடித்தபோது அந்த மனிதரின் முகம் எனக்குத் தெரியவில்லை. "என்ன தியாகம் பண்ணுனார், அண்ணே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"எங்களுது குழித்தறிங்க. ஐப்பசி, கார்த்திகைல குழிக்குள்ள தண்ணி ஊறிரும். அப்பா வெடியக்காலம் எந்திரிச்சு சொம்புல மொண்டு மொண்டு வெளிய ஊத்திட்டு, அந்தச் சேத்துலயே காலை வச்சு மிதிப்பாரு. மழை முடியறப்ப விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். எங்களை ஒரு நாளும் குழிக்குள்ள எறங்க விட்டதில்லீங்க."

"இதையே எழுதுங்க" என்றேன். "இதெல்லாம் எழுத்துல வரலாமுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த இழையைத் தொடங்க வைத்தது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் பத்துக் குற்றங்களை அடுக்குகிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இந்தப் பத்தில் சொற்பிழைக்கு ஐந்தாவதாக வரும் ஓர் இடம்தான். மற்ற ஒன்பதும் சொல்லும் விதத்தைப் பற்றியவை. 13ஆம் நூற்றாண்டிலேயே இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாமோ அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

"தியாகங்கள் மேற்கொள்ளப்பட்டன" என்பது வெற்றெனத் தொடுத்தல். சொல் நிறைய இருக்கிறது, உள்ளே எதுவும் இல்லை. "என்பது குறிப்பிடத்தக்கதாகும்" என்பது நின்று பயன் இன்மை. குறிப்பிட்டுவிட்ட பிறகு அந்த வால் எதற்கு?

‘மேற்கொள்’ என்ற சொல்லைப் பார்த்தாலே இப்போதெல்லாம் பென்சிலை எடுத்துவிடுகிறேன். பயணம் மேற்கொண்டார் என்றால் போனார். ஆய்வு மேற்கொண்டார் என்றால் ஆராய்ந்தார். விசாரணை மேற்கொண்டனர் என்றால் விசாரித்தனர். தமிழ் வினைச்சொல் வளம் உள்ள மொழி. வினையைப் பெயராக்கிப் பக்கத்தில் ஒரு ‘மேற்கொள்’ளை நட்டு வைத்தால் வாக்கியம் நொண்டுகிறது.

உங்கள் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்.

நெல்லைத் தமிழாசிரியர் (ஓய்வு)

34 ஆண்டு வகுப்பெடுத்தவன். நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால் ஒற்றை ஏதோ நகப்பூச்சு மாதிரி பேசிவிடக் கூடாது. ‘வேலை கொடு’ என்பவன் பிழைப்புக் கேட்கிறான். ‘வேலைக் கொடு’ என்பவன் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறான். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு புள்ளியெழுத்தில் பொருள் மாறும்போது அதுவும் ‘மயங்க வைத்தல்’தானே? ஒன்பதில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிழையைத் திருத்துவதைவிட அது எந்த வழியாக வந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது பயன் தரும். ‘சுவற்றில் எழுதாதீர்’ என்று ஊரெல்லாம் சுவரில் எழுதியிருக்கிறார்கள். கிணறு, வயிறு, கயிறு எல்லாம் ‘று’ என்று முடிபவை. ஆகவே கிணற்றில், வயிற்றில், கயிற்றில். சுவர் ‘ர்’ என்று முடிகிறது. சுவரில் என்றுதான் வரும். பிறகு ‘சுவற்றில்’ எப்படி வந்தது? பேச்சில் கிணத்துல, வயித்துல, செவுத்துல என்கிறோம். எழுத உட்காரும்போது ‘கிணத்துல’ கிணற்றில் ஆகிறது. அதே அச்சில் ‘செவுத்துல’ சுவற்றில் ஆகிவிடுகிறது. திருத்தமாக எழுத வேண்டும் என்ற அக்கறையில் வந்த பிழை அது. அதனால் அதற்காக எந்தப் பிள்ளையையும் நான் கடிந்துகொண்டதில்லை.

இன்னொன்று ‘முயற்சித்தேன்’. முயல் என்ற வினையிலிருந்து முயற்சி பிறந்தது. பயில், பயிற்சி. வளர், வளர்ச்சி. அயர், அயர்ச்சி. யாராவது பயிற்சித்தேன், வளர்ச்சித்தேன் என்று எழுதுவார்களா? முயன்றேன் என்று எழுதலாம். முயற்சி செய்தேன் என்றும் எழுதலாம். ‘நினைவு கூறினார்’ என்று பெரிய மேடைகளின் பதாகையிலேயே பார்க்கிறேன். கூர்தல் வேறு, கூறுதல் வேறு. நினைவுகூர்ந்தார் என்பதே சரி. 300ஐ முந்நூறு என்று எழுத வேண்டும். முன்னூறு என்றால் முன்னால் உள்ள நூறு.

தட்டச்சுத் தம்பி

ஐயா, வணக்கம். அப்போ ‘வாழ்த்துகள்’ சரியா ‘வாழ்த்துக்கள்’ சரியா?

நெறியாளர்

இந்தக் கேள்விக்கு வந்த 17 பதில்களையும் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே நடை பற்றி மட்டும் தொடருங்கள்.

தாலுகா எழுத்தர்

நான் வருவாய்த் துறையில் இருக்கிறேன். மெய்ப்பு மேசை அண்ணன் காட்டிய ‘மேற்கொள்ளப்பட்டன’ மாதிரி ‘பட்டது, படுகிறது’ எங்கள் கோப்பு முழுக்க இருக்கும். "தக்க நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது", "உத்தரவிடப்படுகிறது" என்றுதான் எழுதுவோம். அது வேண்டுமென்றே எழுதுவது. ஆணை பிறப்பிப்பது அந்த நாற்காலி, அதில் உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை. நாளைக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்தாலும் ஆணை நிற்க வேண்டும். அதனால் செயப்பாட்டுவினையே ஆங்கிலத்தின் எச்சில் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. "வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்" என்று வள்ளுவரே சொல்கிறார். யார் வைக்கிறார்கள் என்று அந்தக் குறளில் இல்லை. உலகமே வைக்கிறது. அங்கே ‘படும்’ எவ்வளவு பொருத்தம்!

ஆனால் மனு எழுதும்போது அதே நடையைப் பொதுமக்கள் தலையில் கட்டுவதுதான் எனக்கு வருத்தம். அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. ஓர் அம்மா கொண்டுவந்த மனுவைப் பார்த்தேன். "சமூகம் உயர்திரு வட்டாட்சியர் அவர்களின் மேலான பார்வைக்குத் தாழ்மையுடன் பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்குகிறது. பதினோரு வரி. அவர் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், வறுமை, எங்கள் பெருந்தன்மை எல்லாம் இருக்கிறது. கடைசி வரி: "எனவே தாங்கள் ஆவண செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." எதற்கு? அதைக் காணோம். அவரிடமே கேட்டேன். "ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு எழுதிக்குடுத்து எட்டு மாசமாச்சு சாமி, ஒரு பதிலும் இல்ல" என்றார். அந்த ஒரு வரி போதுமே! அதைத் தாளின் தலையில் எழுதி, விண்ணப்பம் கொடுத்த தேதியையும் சேர்த்து, அவர் கைநாட்டை வாங்கிக்கொண்டேன். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஒரே தாளில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இதைப் படிப்பவர்கள் யாருக்காவது மனு எழுதிக் கொடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது ‘ஆவன செய்க’. ஆவன என்றால் ஆக வேண்டியவை. ‘ஆவண’ என்று எழுதினால் பத்திரம், தஸ்தாவேஜு என்ற பக்கம் போய்விடும்.

மொழிபெயர்ப்பு வேலைக்காரி

எழுத்தர் சார் சொன்ன அந்த அம்மாவை நினைத்தால் மனசு கனக்கிறது. நான் மருந்துக் குறிப்பு, வங்கிப் படிவம், கருவிக் கையேடு இவற்றை மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். நடைப்பிழை உயிரோடு விளையாடும் இடம் இது. மாத்திரை அட்டையோடு வரும் தாளில் பார்த்த வாக்கியம்: "இம்மாத்திரையானது உணவு உட்கொள்ளப்பட்டதற்குப் பின்னரே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்." என் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "இப்ப சாப்பிட்டுட்டுப் போடணுமா, போட்டுட்டுச் சாப்பிடணுமா?" என்று கேட்டார். அவர் எட்டாவது வரை படித்தவர். தினமும் நாளிதழ் வாசிப்பவர். "சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மாற்றினேன். தமிழில் மாத்திரையைப் போடுகிறோம், மருந்தைக் குடிக்கிறோம், ஊசி போட்டுக்கொள்கிறோம். இவற்றை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்து ‘ஒரு’. "அவர் ஒரு மருத்துவர்", "இது ஒரு நல்ல வாய்ப்பு", "சென்னை ஒரு துறைமுக நகரம்." மூன்றிலும் ‘ஒரு’வை எடுத்துவிட்டுப் படியுங்கள். எதுவும் குறையவில்லை. ஆங்கிலத்தில் இந்த மாதிரிப் பெயருக்கு முன்னால் ‘a’ கட்டாயம் என்பதால் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. நம் ‘ஒரு’வுக்கு வேறு அழகான வேலைகள் இருக்கின்றன. "ஒரு பத்துப் பேர் இருப்பாங்க" என்றால் எண்ணிக்கை தளர்கிறது. "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றால் ஏக்கம் வந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் தூவினால் இந்த நயமெல்லாம் மழுங்கிப்போகும்.

மூன்றாவது, நன்னூல் சொல்லும் மயங்க வைத்தல். "நேற்று திருடிய நகைகளை விற்ற வாலிபர் கைது." திருடியது நேற்றா, விற்றது நேற்றா, கைதானது நேற்றா? தமிழில் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். முதலில் நிற்கும் சொல் எதைத் தழுவும் என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கும். "திருடிய நகைகளை விற்ற வாலிபர் நேற்று அகப்பட்டார்" என்று காலத்தைக் குறிக்கும் சொல்லை அதற்குரிய வினையின் பக்கத்தில் உட்கார வைத்தால் தீர்ந்தது. இரண்டு எச்சத்துக்கு மேல் அடுக்க நேர்ந்தால் நான் வாக்கியத்தை உடைத்துவிடுவேன்.

ஊர்ச் செய்தி நிருபர்

நாளிதழ்க்காரன் என்ற முறையில் ஒரு விளக்கம். ‘என்பது குறிப்பிடத்தக்கது’ எங்கிருந்து வருகிறது தெரியுமா? செய்தியின் கடைசிப் பத்தி பெரும்பாலும் பழைய தகவல். "இவர் மீது ஏற்கெனவே இரண்டு வழக்குகள் உள்ளன" என்ற மாதிரி. அதை மொட்டையாக விட்டால் செய்தி அறுந்து நிற்பது போல் ஒரு கூச்சம். அதற்காக ஒட்டிய வால் அது. எனக்குச் சொல்லிக் கொடுத்த மூத்தவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன். இப்போது அந்தத் தகவலை மேலே, அது சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுகிறேன். வால் தேவைப்படுவதில்லை.

ஆனால் ‘கூறப்படுகிறது’ வேறு. நிரூபணமாகாத ஒன்றை நடந்ததாக எழுதினால் ஒரு மனிதனின் பெயர் கெடும். அதற்காக அந்தச் சொல்லை வைத்துக்கொள்கிறோம். இதிலும் என் கருத்து, முடிந்தவரை சொன்னவர் யார் என்று எழுதிவிட வேண்டும் என்பதே. "போலீசார் சொல்கிறார்கள்", "பக்கத்து வீட்டார் சொன்னார்கள்." யார் சொன்னது என்பதே தெரியாவிட்டால் அதைச் செய்தியில் ஏன் வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

சுன்னாகத்துப் பெடியன்

இழை முழுக்க வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் இருக்கிறேன். எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிழைதிருத்தம் என்ற பெயரில் வட்டார வழக்கைத் திருத்துகிறார்கள். ஒரு சஞ்சிகைக்குச் சிறுகதை அனுப்பினேன். ‘பாவித்தார்’ என்றதெல்லாம் ‘பயன்படுத்தினார்’ ஆகியிருந்தது. ‘கதைத்துக்கொண்டு இருந்தார்கள்’ என்றது ‘பேசிக்கொண்டு இருந்தார்கள்’ ஆகியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இடம்பெயர்ந்து முகாமில் இருக்கிற தாய் சொல்லுகிறாள்: "நாலு பிள்ளையளுக்கும் இந்தச் சோறு காணாது." அதை "நாலு பிள்ளைகளும் இந்தச் சோற்றைப் பார்க்கவில்லை" என்று மாற்றிவிட்டார்கள். காணாது என்றால் எங்களிடத்தில் போதாது. அந்தத் தாய் பசிக்குக் கணக்குப் பார்க்கிறாள். அச்சில் வந்ததை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

தெரியாத சொல் வந்தால் எழுதியவனிடம் ஒருக்கால் கேளுங்கோ. இவ்வளவுதான் என் வேண்டுதல். நாங்களும் தமிழ் நடைக்குச் செய்திருக்கிறோம். நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் போட்டு உரைநடையை ஒழுங்கு செய்து, சொந்த அச்சுக்கூடத்தில் பதிப்பித்தவர். ஒரு பந்தியை, நீங்கள் சொல்லும் பத்தியை, நிறுத்தி மூச்சு விட்டு வாசிக்கலாம் என்று பழக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மெய்ப்பு மேசை

பெடியன் தம்பி, மன்னிக்கணும். நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். ஈழத்து நூல் ஒன்றில் ‘விளங்கவில்லை’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘புரியவில்லை’ என்று போட்டேன். ஆசிரியர் பொறுமையாக ஒவ்வொன்றையும் மீட்டுக் கொடுத்தார். அதன் பிறகு தெரியாத சொல்லுக்கு ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போடுகிறேன், கை வைப்பதில்லை.

நாவலரைச் சொன்னதும் சொல் பிரிப்பு நினைவுக்கு வந்தது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். பிரித்துப் படிப்பது படிப்பவன் வேலை. அச்சு வந்த பிறகு அந்த வேலை எழுதுபவன் தலைக்கு வந்துவிட்டது. நாம் இன்னும் அதை முழுசாக ஏற்கவில்லை. "பையன் வந்து விட்டான்" என்று பிரித்தால் வந்து, எதையோ விட்டான் என்று ஆகும். "அப்பா என்னைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்" என்பதில் அப்படிப் பிரிப்பதே சரி, ஏனென்றால் அங்கே விடுவதுதான் வேலை. "பையன் வந்துவிட்டான்" என்பதில் ‘விடு’ துணைவினை. ஒட்டியே இருக்க வேண்டும். கொள், இரு, போ, வை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். தனி வினையா, துணைவினையா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

தட்டச்சுத் தம்பி

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரி மலருக்கு எழுதியதைக் கீழே போடுகிறேன். தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

"எங்கள் கிராமத்தில் அமைந்துள்ள கண்மாயில் தூர்வாரும் பணிகள் கிராம இளைஞர்களால் மிகுந்த ஆர்வத்துடன் மேற்கொள்ளப்பட்டது. இதன் மூலம் நீர்மட்டம் உயர்ந்து விவசாயம் செழிக்க வாய்ப்பு ஏற்பட்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது."

நெல்லைத் தமிழாசிரியர் (ஓய்வு)

பணிகள் என்றால் மேற்கொள்ளப்பட்டன. ஆனால் அதை மட்டும் திருத்தினால் மெய்ப்பு மேசை என்னைச் சும்மா விட மாட்டார். மீதியை மற்றவர்களே கேட்கட்டும்.

மொழிபெயர்ப்பு வேலைக்காரி

தம்பி, நீயும் வெட்டினாயா? அப்படியென்றால் ‘இளைஞர்களால்’ என்று ஏன் ஒளிந்துகொள்கிறாய்? எத்தனை பேர் போனீர்கள், கையில் என்ன இருந்தது, மடை எப்படி இருந்தது, வெட்டும்போது என்ன பார்த்தீர்கள், பிறகு மழை பெய்ததா? இதற்குப் பதிலை உன் அம்மாவிடம் சொல்வது போல் முதலில் பேச்சிலேயே எழுது. பிறகு அதை எழுத்துத் தமிழாக்கு.

தட்டச்சுத் தம்பி

நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன், அக்கா.

"போன சித்திரையில் எங்கள் ஊர் கண்மாயைத் தூர் வாரினோம். முதல் நாள் பதினொரு பேர் வந்தோம். மண்வெட்டி ஆறுதான் இருந்தது. மாற்றி மாற்றி வெட்டினோம். மூன்றாம் நாள் மடைக்கு முன்னால் மண்டிக் கிடந்த சீமைக்கருவேல முள்ளை வெட்டி இழுத்தபோது அடியில் கல்படி தெரிந்தது. அங்கே படி இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கஞ்சி கொண்டுவந்த அப்பத்தாதான், ‘அந்தப் படியிலதான்டா நான் துணி தொவச்சேன்’ என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய் மேல்படியில் உட்கார்ந்துகொண்டார். ஐப்பசி மழைக்கு நான்காவது படி வரை தண்ணீர் நின்றது."

மெய்ப்பு மேசை

அந்த நெசவாளர் மகனுக்கு இதைப் படித்துக் காட்டப்போகிறேன். அவர் மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

நெல்லைத் தமிழாசிரியர் (ஓய்வு)

‘ஊர்க் கண்மாய்’. அந்த ஒரு ‘க்’ மட்டும் சேர்த்துக்கொள், தம்பி. மற்றதில் நான் கை வைக்க மாட்டேன்.